தாத்தாவோட கால் ஆர்கனைப் பிரிச்சு மறுபடி மூட்டினது

ஸ்டாப் (எந்தச் சத்தம் வரணும்னு இழுத்துத் தொறக்கற குமிழ்) எல்லாத்தையும் உள்ள தள்ளிட்டு பெடலை நல்லா மிதிச்சு விட்டா துருத்தி திரும்ப விரியறதுக்கு இப்ப 34 செகண்ட் ஆகுது. ஆரம்பத்துல இதே டெஸ்ட் பண்ணப்ப 2 செகண்ட் கூட நிக்கல, புஸ்ஸுனு காத்துதான் வந்துச்சு. அதனால முடிஞ்சுதுன்னே சொல்லலாம், முழுசா இல்ல, ஆனா தாத்தாவோட முதலாம் வருஷ நினைவு ஜெபத்துல நாலு பாட்டு வாசிக்கிற அளவுக்கு முடிஞ்சுது. வீட்டு மூலையில இந்த மாதிரி பழைய ரீட் ஆர்கன் கிடந்து தூக்கிப் போட்டுரலாமான்னு யாராச்சும் யோசிச்சிட்டு இருந்தா அவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

முதல்ல இது எங்க வீட்டுக்கு வந்த கதை, சுருக்கமா. தாத்தா 1956ல நாசரேத் பக்கத்துலேருந்து கோத்தகிரிக்கு வந்தவரு, டீ ஃபேக்டரில பிட்டர். அப்ப இருந்த ஐயரம்மாகிட்ட (போதகரோட மனைவி) சோல்ஃபா, அதாவது டோ ரே மி முறை, கத்துக்கிட்டு 1959லேருந்து எங்க சி.எஸ்.ஐ. கோவில்ல ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வாசிச்சாரு. ஆர்கன் அதுக்கும் முன்னாடியே கோவில்ல இருந்தது, 1947ல சி.எஸ்.ஐ. உருவானதுக்கு அப்புறம் ஊருக்குக் கெளம்பின ஏதோ ஒரு தொரை குடுத்துட்டுப் போனதா வீட்டுல சொல்லுவாங்க. 1994ல கோவிலுக்கு கீபோர்டு வாங்கினாங்க. ஆர்கனை அறுப்பின் பண்டிகை ஏலத்துல கேரட் மூட்டைக்கும் முட்டைகோஸுக்கும் நடுவுல வச்சு விட்டாங்க. தாத்தா 300 ரூபாய்க்குக் கேட்டாரு, எதிர்த்துக் கேக்க ஆளே இல்ல, ஆனா கோவிலுக்கு காசு வரட்டும்னு ஒரு பெரியவரு சும்மா ஏத்திவிட்டு ஏத்திவிட்டு 1,150ல முடிஞ்சுது. அடுத்த ஞாயிறுலேருந்து தாத்தா கடைசி பெஞ்சுல உக்காந்தாரு, அவ்வளவுதான், அதைப்பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல, ஒரு ஞாயிறும் போகாம இருந்ததும் இல்ல.

சரி, வேலைக்கு வரேன்.

கை ஆர்மோனியம் காத்தை ரீடு (தகட்டுல பொருத்தின பித்தளை நாக்கு, அது அதிர்ந்துதான் சத்தம் வரும்) வழியா வெளிய தள்ளும். இந்த டைப் ஆர்கன் உள்ள இழுக்கும். இது ஒண்ணு புரிஞ்சுதுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான், ஏன்னா அறையில இருக்க தூசி மொத்தமும் ரீடுக்குதான் போகும், அதனால சத்தம் வராத கட்டைக்கு முக்காவாசி காரணம் அழுக்குதான், உடைசல் இல்ல. 61 கட்டை, ரெண்டு வரிசை ரீடு, மொத்தம் 122.

பிரிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்டேஜுலயும் ஃபோட்டோ எடுங்க. ஸ்க்ரூவை எந்த ஓட்டையிலேருந்து எடுத்தோமோ அதே ஓட்டைக்குதான் திருப்பிப் போடணும், பழைய மரத்துல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளம், மாத்திப் போட்டா பலகை பொளந்துக்கும். நான் ஒரு அட்டையில ஆர்கன் படம் வரைஞ்சு அந்தந்த இடத்துலயே ஸ்க்ரூவைக் குத்தி வச்சேன். பின் பலகையைக் கழட்டினா உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கு, அதை உரிச்சா அடியில தலைகீழா பி.ஓ.பி.ன்னு (டீத்தூள்ல ஒரு ரகம்) ஸ்டென்சில். டீ பெட்டி பிளைவுட்! அந்தக் காலத்துல டீத்தூள் இந்த பிளைவுட் பெட்டியிலதான் போகும், ஈரம் ஏறாம இருக்க உள்ள தாள் ஒட்டியிருப்பாங்க. ஒரிஜினல் பலகையை பூச்சி அரிச்சிருக்கணும், தாத்தா ஃபேக்டரி பெட்டியை அளவா அறுத்து போட்டுட்டாரு. ஓரம் ரம்பத்தால அறுத்த மாதிரியே தெரியல, அவ்வளவு நேரா இருக்கு. அதை மாத்தல, தொடச்சு அப்படியே திருப்பிப் போட்டாச்சு.

உள்ள இருந்தது: எலி கூடு ஒண்ணு (ஃபெல்ட்டை எல்லாம் பிச்சு அதுலதான் கட்டியிருக்கு), ரசகற்பூர உருண்டை, விக்ஸ் மிட்டாய் தாள், ஓய்வுநாள் பள்ளி வசன அட்டை, அப்புறம் அலுமினிய 5 பைசா நாணயம் ஒரு குவியல். அந்த சதுர காசு. அப்பாகிட்ட காட்டினா சிரிக்கிறாரு, காணிக்கைக்குன்னு குடுத்த காசை பசங்க கட்டை சந்துல போட்டுப் பாப்பாங்களாம், யாரு போட்டாங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறாரு.

மேல் பாகத்தை, அதாவது கட்டையும் ரீடும் இருக்க பெட்டியை, துருத்திலேருந்து தூக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும். பக்கத்து வீட்டு ஆசாரி அண்ணன் வந்தாரு. தூக்கினதும் கீழ பென்சில்ல தாத்தா கையெழுத்து, வரிசையா. ஒவ்வொரு தடவ தொறந்தப்பவும் தேதி போட்டு என்ன பண்ணாருன்னு எழுதி கடைசில "கர்த்தர் நல்லவர்"னு முடிச்சிருக்காரு. அதுல ஒண்ணு 12-4-68, "வலது துருத்தி கிழிசல், ஒட்டு போட்டது". சும்மா ஃபோன்ல காலண்டர் தட்டிப் பாத்தேன், அன்னிக்கு பெரிய வெள்ளி! இதை வெளியில இருக்கவங்களுக்கு சொன்னா புரியாது. பெரிய வெள்ளி அன்னிக்கு எங்க வீட்டுல கத்திரிக்கோல் கூட எடுக்கக்கூடாது, ஞாயித்துக்கிழமை ரேடியோ கூடாது, ஷூ பாலிஷ் சனிக்கிழமை ராத்திரியே முடிச்சிரணும், ஏழு மணி குடும்ப ஜெபத்துக்கு லேட்டா வந்தா ஜெபம் முடியற வரைக்கும் நிக்கணும், வசனம் சொல்லாம சோறு கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன் அன்னிக்கு உளியும் ரம்பமும் எடுத்திருக்காரு. அப்பா சொல்றது, மத்தியானம் இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தை தியானத்துல கிழிஞ்சிருக்கும், ஈஸ்டர் விடியக்காலை ஆராதனைக்கு ஆர்கன் இல்லாம முடியாது, அதான். அத்தை ஒத்துக்கல, "சனிக்கிழமை பண்ணிட்டு தேதியை மாத்தி எழுதியிருப்பாரு"ங்கறாங்க. தேதி தப்பா எழுதற ஆளு அவரு இல்லைன்னு அப்பா. இன்னும் ஓடிட்டு இருக்கு அந்த சண்டை.

அந்த ஒட்டு என்ன துணின்னு பாத்தா, செவப்பு கலர் ரப்பர் ஷீட், கைக்குழந்தைக்கு அடியில விரிக்கறது. சித்தப்பா பொறந்தது 68 பிப்ரவரி. இப்ப அவருக்கு இந்த விஷயம் தெரிஞ்சுபோச்சு.

துருத்தி துணிதான் இந்த வேலைல பெரிய வேலை. பழைய துணி பிஸ்கட் மாதிரி நொறுங்குது, மடிப்புல எல்லாம் வெளிச்சம் தெரியுது. அதை எடுக்கறதுக்கு ஈரத்துணி போட்டு மேல அயர்ன் பாக்ஸை மிதமா வச்சா அடியில இருக்க வஜ்ரம் (மிருகத் தோல், எலும்புலேருந்து காய்ச்சற பசை) இளகி உரிஞ்சு வந்துரும். பழைய ஆளுங்க வஜ்ரம் போட்டதுக்கு காரணமே இதுதான், அடுத்தவன் வந்து பிரிக்க முடியும். ஃபெவிகால் போட்டிருந்தா மரத்தைச் சேர்த்துதான் பிச்சிருக்கணும்.

புதுத் துணிக்கு முதல்ல ரெக்சின் வாங்கினோம், கார் சீட்டுக்குப் போடறது. பாக்க ஜோரா இருந்துச்சு, காத்தும் போகல, ஆனா மடிய மாட்டேங்குது. உள்ள இருக்க ஸ்ப்ரிங்கு விரிக்கப் பாக்குது, ரெக்சின் விறைப்பா நிக்குது, மிதிக்கிறதுக்கே கால் வலிக்குது. 900 ரூபா போச்சு. அப்புறம் தாத்தா வழியே சரின்னு மெடிக்கல் ஷாப்ல ரப்பர் ஷீட் மீட்டர் கணக்குல வாங்கினேன், ஒரு பக்கம் துணியும் ஒரு பக்கம் ரப்பரும் இருக்கறதா பாத்து. ரெண்டு பக்கமும் ரப்பர்னா வஜ்ரம் புடிக்காது. இருக்கறதுலயே மெல்லிசு, அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். நியூஸ்பேப்பர்ல பேட்டர்ன் வெட்டி, ஓரத்துக்கு முக்கால் இன்ச் கூடுதலா விட்டு, மூலை மூலைக்கு மெல்லிசு ஆட்டுத்தோல் ஒட்டு. மடிப்பு முதல்ல கிழியறது மூலையிலதான்.

வஜ்ரம் பத்தி கொஞ்சம் சொல்லணும். மணி மணியா கிடைக்குது, கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் வாங்கினது. ராத்திரியே தண்ணில ஊறப்போட்டு, காலைல ஒரு சின்ன டப்பாவுல எடுத்து அந்த டப்பாவை வெந்நீர் பாத்திரத்துக்குள்ள வச்சு உருக்கணும், நேரா அடுப்புல வச்சா கருகி ஒட்டுற சக்தி போயிரும். 60 டிகிரி போதும். தேன் பதத்துக்கு வந்தா பூசலாம். ஆனா நான் பண்ணது ஜனவரியில, காலைல புல்லு மேல வெள்ளையா பனி உறையற நேரம், பிரஷ்லேருந்து பலகைக்குப் போறதுக்குள்ள ஜெல்லி ஆயிடுது. துணியை வச்சு அமுக்கினா ஒட்டின மாதிரி இருக்கும், மறுநாள் இழுத்தா கையோட வருது. ஆசாரி அண்ணன் பாத்துட்டு, "பசையை சூடு பண்ணி என்ன தம்பி பிரயோஜனம், பலகை ஜில்லுன்னு இருக்கே"ன்னாரு. அதுக்கப்புறம் ஹேர் டிரையர்ல பலகையை கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டு வந்து, ஒரு அடி ஒரு அடியா பூசி, உடனே துணியை வச்சு ஒரு கரண்டி முதுகால தேச்சா கல்லு மாதிரி... இல்ல, நல்லாவே புடிச்சுது. மத்தியானம் 12லேருந்து 3க்குள்ள மட்டும் ஒட்டுற வேலை, மத்த நேரம் வேற வேலை.

இன்னொரு விஷயம் இங்க கவனிச்சேன். வலது பெடல் மேல இருந்த கார்ப்பெட் தேஞ்சு மரமே குழியா இருக்கு, இடது பெடல் கார்ப்பெட்ல பூ டிசைன் கூட அழியல. வலது பெடலை இழுக்கற வார் ஒரிஜினல் இல்ல, ஃபேக்டரில மெஷினை ஓட்டற தோல் பெல்ட்டு துண்டு, அதுல பெல்ட் ஜாயின்ட் போடற இரும்பு கொக்கி கூட அப்படியே இருக்கு. இடது வார் ஒரிஜினல். காரணம் வீட்டுல எல்லாருக்கும் தெரியும், 1963ல ரோலர் பெல்ட்டுல வேட்டி மாட்டி இடது முட்டி போயிருச்சு, அதுக்கப்புறம் அந்தக் கால் முழுசா மடங்காது. ஆனா ஒத்தைக் காலால முப்பது வருஷம் ஆர்கன் மிதிச்சிருக்காருன்னு எனக்கு இதைப் பாத்துதான் உறைச்சுது. சத்தத்தை ஏத்தி இறக்கறதுக்கு முட்டியால தள்ற லிவர் ரெண்டு இருக்கும், அதுல சுத்தின துணி புதுசா இருக்கு. ஒத்தைக் கால்லயே விடாம மிதிச்சுக்கிட்டு முட்டியையும் தள்றது கஷ்டம்ல. தாத்தா வாசிச்சா கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் ஒரே சத்தம்னு ஊருல கிண்டல் பண்ணுவாங்க.

இடது துருத்தி துணி மட்டும் அதனால பாக்க நல்லா இருந்துச்சு, காத்து டெஸ்ட்லயும் பெருசா ஒழுகல, நினைவு ஜெபம் வேற நெருங்குது, அதை மாத்தாம விட்டேன். இதுக்கு அப்புறம் வரேன்.

உள்ள இருக்க வால்வு தோல், அதாவது காத்து ஒரு பக்கம் மட்டும் போக வைக்கிற பட்டை, எல்லாம் காஞ்சு சுருண்டு இருந்துச்சு. அதுக்கு கார் தொடைக்கிற ஷாமி லெதர், ஆனா நிஜத் தோலா இருக்கணும், கடையில முக்காவாசி இப்ப செயற்கை. ரெண்டு முனையையும் ஆணி வச்சு லேசா இழுத்துக் கட்டணும், தொளதொளன்னு விட்டா மிதிக்கும்போது படபடன்னு அடிக்கும்.

அடுத்தது ரீடு. ஒவ்வொண்ணும் ஒரு சின்ன அறைக்குள்ள சொருகியிருக்கும், அதோட வால்ல ஒரு காடி இருக்கும், அதுல கொக்கி மாட்டி நேரா இழுக்கணும். கொக்கி கடையில கிடைக்காது, சைக்கிள் போக்ஸ் கம்பி முனையை அரம் போட்டு தட்டையாக்கி வளைச்சுக்கிட்டேன், பிரமாதமா வேலை செஞ்சுது. தெர்மோகோல் ஷீட்டுல நம்பர் போட்டு வரிசையா குத்தி வைங்க, கலந்துட்டா அவ்வளவுதான். சுத்தம் பண்ண மெல்லிசு டூத்பிரஷ், கொஞ்சம் ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) லிக்விட், நாக்கோட வேர்லேருந்து நுனி பக்கமா மட்டும் தேய்க்கணும். உப்புத்தாள், பித்தளை பாலிஷ், புளி எதுவும் வேண்டாம், நாக்கோட கனம் ஒரு மயிரளவு குறைஞ்சாலும் சுதி போயிரும். ஊமையா இருந்த 19 கட்டைல 17 இந்தத் தேய்ப்புலயே பேசிருச்சு. ஒண்ணுல ஒரு தலைமுடி சிக்கியிருந்துச்சு.

சுதி பாக்க அத்தையைதான் கூப்பிட்டேன். இந்த ஆர்கன் எப்படி ஒலிக்கணும்னு சரியா தெரிஞ்ச ஆளு இப்ப அவங்க ஒருத்தங்கதான். அவங்களுக்கு தாத்தா சொல்லிக்குடுக்கல. பொம்பளப்பிள்ள கோயர்ல பாடினா போதும்னு சொல்லிட்டாராம், சித்தப்பாவுக்கு அடிச்சு அடிச்சு சொல்லிக்குடுத்தும் அவருக்கு வரல. தாத்தா நைட் ஷிஃப்ட் போறப்ப அத்தை கீழ்வீட்டு ஆர்மோனியத்துல தானா கத்துக்கிட்டாங்க. தாத்தா எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்காரு, ஆனா இது அவரு பண்ணின தப்புதான், நான் அத்தை முன்னாடியே சொன்னேன். "விடுறா"ன்னுட்டு அடுத்த கட்டையை அமுக்குனு சொன்னாங்க.

கட்டை தேய்மானத்தைப் பாருங்கன்னு காட்டினேன். மூணு மூணா இருக்க கருப்புக்கட்டைல கடைசி, பி ஃப்ளாட், நடு ரெண்டு ஆக்டேவுலயும் மழமழன்னு தேஞ்சு மரம் தெரியுது. அதே கூட்டத்துல முதல்ல இருக்க எஃப் ஷார்ப் சாயம் கூட போகல. "எல்லாத்தையும் எஃப்லதாண்டா வாசிப்பாரு"ன்னாங்க. எஃப் மேஜர் ஸ்கேல்ல வர்ற ஒரே கருப்புக்கட்டை பி ஃப்ளாட்தான். அவருக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாது, சோல்ஃபா மட்டும்தான், அதுல 'டோ' எங்க வேணா வச்சுக்கலாம்ல, இவரு எஃப்ல வச்சுட்டாரு, பாமாலையா இருந்தாலும் கீர்த்தனையா இருந்தாலும். கோயர்ல சோப்ரானோ பாட வந்த ஒரு டீச்சரம்மா மேல போக மாட்டேங்குதுன்னு சண்டையே போட்டாங்களாம். எஸ்டேட் ஆளுங்க தொண்டைக்கு இதுதான் எட்டும்னு தாத்தா பதில்.

ட்யூனர் ஆப் வச்சுப் பாத்தா எல்லா ரீடும் ஏறக்குறைய ஒரே அளவு, 20 சென்ட் (பக்கத்துப் பக்கத்து ரெண்டு கட்டைக்கு நடுவுல 100 சென்ட்) கீழ காட்டுது. ஏ 435 சுதி, அதாவது 'ஏ' கட்டை செகண்டுக்கு 435 தடவ அதிரும். 1859ல பிரான்ஸ்ல சட்டம் போட்டு வச்ச சுதி அது, இப்ப கீபோர்டுல இருக்க 440 எல்லாம் 1939ல ஒத்துக்கிட்டது. 122 ரீடையும் சொரண்டி 440க்கு ஏத்தலாம், நுனில சொரண்டினா சுதி ஏறும், வேர்ல சொரண்டினா இறங்கும். ஆனா சொரண்டின பித்தளை திரும்ப வராது. அதனால சுதி விலகியிருந்த ரெண்டு ரீடை மட்டும் பக்கத்து ரீடோட சேர்த்துட்டு விட்டாச்சு. நினைவு ஜெபத்துல கோவில் கீபோர்டு தம்பி செட்டிங்ஸ்ல 20 சென்ட் இறக்கி வச்சு சேர்ந்து வாசிச்சாரு, சரியா இருந்துச்சு. 440க்கு ஏத்தலாம்னு யாராச்சும் சொன்னா இந்த வழியை முதல்ல சொல்லுங்க.

செலவு: ரப்பர் ஷீட் 1,400, ரெக்சின் 900 (வீண்), ஷாமி 750, ஆட்டுத்தோல் துண்டு 400, கம்பளி ஃபெல்ட் 3 மில்லிமீட்டர் 650, வஜ்ரம் அரை கிலோ 300, ஸ்க்ரூ ஐ.பி.ஏ. பிரஷ் எல்லாம் சேத்து 500 சொச்சம். 5,000க்குள்ள. ஆசாரி அண்ணன் காசு வாங்கல, பின் பலகை டீ பெட்டியை மட்டும் ரொம்ப நேரம் தடவிப் பாத்துட்டு போனாரு.

அடுத்த தடவைன்னா ரெண்டு துருத்தியையும் சேர்த்தே மாத்துவேன். நினைவு ஜெபத்துல வாசிச்சது சித்தப்பா பொண்ணு, அவ கீபோர்டு கத்துக்கறவ, ரெண்டு காலாலயும் நல்லா ஏறி மிதிச்சுட்டா. அறுபது வருஷமா மடங்காத துணி, மூணாவது பாட்டுக்குள்ள இடது மடிப்புல விரிசல் விட்டு விசில் அடிக்க ஆரம்பிச்சுது. நாலாவது பாட்டை வலது காலால மட்டும் மிதின்னு அத்தை பின்னாலேருந்து சொன்னாங்க. அப்புறம் ஒட்டுற வேலையை ஏப்ரல் மே மாசத்துக்கு வச்சுப்பேன், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழை விட்டப்புறமும் மரத்துல ஈரம் இருக்கு, இப்ப காய காய ஸ்க்ரூ லூசாகுது, மாசம் ஒரு தடவ பாத்து திருகிட்டு இருக்கேன். எலிக்கு பெடல் ஓட்டைல சின்ன கண்ணு கம்பி வலை அடிச்சாச்சு.

பேசாத ரீடு ரெண்டு பாக்கி. ஒண்ணு உச்சியில, அது இருக்கா இல்லையான்னே காதுக்குத் தெரியாது. இன்னொண்ணு கீழ் ஆக்டேவ் சி ஷார்ப், நாக்கு வேரோட ஒடஞ்சிருக்கு. குஜராத்ல பாலிதானாங்கற ஊர்ல செய்யற ஆர்மோனியம் ரீடு ஒண்ணு வரவழைச்சுப் பாத்தேன், தகடு அகலம் வேற, ஸ்க்ரூ போட்டு மாட்டற டைப், நம்ம சொருகற அறைக்குள்ள போகல, பழைய தகட்டுலயே புது நாக்கு ரிவெட் அடிக்கற ஆள் கிடைச்சாதான் உண்டு. எஃப்ல வாசிக்கிற வரைக்கும் அந்தக் கட்டை தேவைப்படாது, அதனால அவசரமும் இல்ல.